அந்த மருத்துவரை எந்த வேலைக்கு வைத்தார்கள்?

2013 அக்டோபர் 2-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலீஸ் நீதிமன்றம் ஒன்றில் ஜூரிகள் ஒரு கேள்வித்தாளை நிரப்பிக் கொடுத்தார்கள். மைக்கேல் ஜாக்சனின் தாய் கேத்தரின் தொடுத்த வழக்கு அது. மகனுக்குக் கடைசியாக மருத்துவம் பார்த்தவர் கான்ராட் முர்ரே. அவரை வேலைக்கு வைத்தது லண்டனில் கச்சேரிகளை நடத்தவிருந்த ஏ.இ.ஜி. லைவ் நிறுவனம், ஆகவே அந்தச் சாவுக்கு நிறுவனமும் பொறுப்பு என்பது தாயின் வாதம். முதல் கேள்வி: முர்ரேயை ஏ.இ.ஜி. வேலைக்கு வைத்ததா? ஆம் என்று எழுதினார்கள். இரண்டாவது கேள்வி: எந்த வேலைக்கு வைத்தார்களோ அந்த வேலைக்கு அவர் தகுதியில்லாதவரா? இல்லை என்று எழுதினார்கள். அதோடு வழக்கு முடிந்தது. மிச்சக் கேள்விகளுக்குப் போகவே வேண்டியிருக்கவில்லை.

அந்தத் தீர்ப்பு வந்த நாளில் முர்ரே சிறையில் இருந்தார். மைக்கேல் ஜாக்சனின் மரணத்துக்குக் காரணமானவர் என்று 2011 நவம்பரில் இன்னொரு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று சொல்லி, நான்கு ஆண்டு தண்டனை கொடுத்திருந்தது. நோயாளியைச் சாகவிட்ட மருத்துவர், ஆனால் வைத்த வேலைக்குத் தகுதியானவர். இரண்டு தீர்ப்பும் சட்டப்படி சரிதான். முர்ரே மருத்துவம் படித்தவர், உரிமம் வைத்திருந்தவர், பொது மருத்துவராக அவரை அமர்த்தியதில் குறை சொல்ல முடியாது என்று ஜூரிகள் பார்த்தார்கள். கேள்வியில் நெறி என்ற சொல் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம் என்று அவர்களில் ஒருவர் பிறகு சொன்னார்.

அந்த இரண்டாவது கேள்வி என்னை விடவே இல்லை. எந்த வேலைக்கு வைத்தார்கள்? நோயாளியைக் குணப்படுத்தவா, குறித்த தேதியில் மேடையில் நிற்க வைக்கவா? பாப் இசை உலகின் போதைக் கதைகளை நாம் பெரும்பாலும் தனி மனிதனின் கதையாகவே கேட்டு வந்திருக்கிறோம். திறமை இருந்தது, பணம் வந்தது, கட்டுப்பாடு போனது, ஆள் போய்விட்டான். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த மனிதனைச் சுற்றிச் சம்பளம் வாங்கிக்கொண்டு நின்றவர்கள் யார், அவன் எழுந்து நடந்தால் யாருக்கு லாபம், படுத்துவிட்டால் யாருக்கு நஷ்டம் என்று பார்த்தால் கதை வேறாகத் தெரிகிறது. இந்தத் தொழிலில் போதை பல நேரம் வேலைக்கான கருவியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது. கொண்டாட்டமெல்லாம் அப்புறம்தான்.

1960 ஆகஸ்டில் லிவர்பூலிலிருந்து ஐந்து பையன்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு வாசிக்கப் போனார்கள். அவர்களில் ஜார்ஜ் ஹாரிசனுக்கு வயது 17. பீட்டில்ஸ் என்ற பெயரை லிவர்பூலுக்கு வெளியே யாருக்கும் தெரியாத காலம். ஒப்பந்தப்படி வார நாட்களில் தினமும் நாலரை மணி நேரம், வார இறுதியில் ஆறு மணி நேரம் மேடையில் நிற்க வேண்டும். குடிக்க வந்த கூட்டம் கிளம்பிவிடக் கூடாது என்பதால், ஆடு, குதி, ஆட்டம் காட்டு என்று கிளப் முதலாளி கீழே நின்று கத்துவார். தூங்குவதற்கு ஒரு சினிமாக் கொட்டகையின் பின்பக்கத்து அறை. இப்படி மாதக்கணக்கில் வாசிக்க எந்த உடம்பும் தாங்காது. அங்கேதான் பிரெலுடின் என்ற மாத்திரை அவர்களுக்குப் பழக்கமானது. பசியைக் குறைத்து எடையைக் குறைக்கக் கொடுக்கும் மாத்திரை அது, தூக்கத்தையும் விரட்டும். பீருடன் சேர்த்து விழுங்கினால் விடியும் வரை வாசிக்கலாம். ஹாம்பர்க் இல்லாவிட்டால் அவர்கள் அவ்வளவு நல்ல குழுவாக ஆகியிருக்க மாட்டார்கள் என்று இசை வரலாறு எழுதியவர்கள் சொல்வார்கள். அந்தப் பயிற்சி நேரத்தில் ஒரு பகுதி மாத்திரையால் வாங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவிலும் இதே கணக்குதான். ஓர் ஊரில் கச்சேரி முடித்து ராத்திரி முழுக்கக் கார் ஓட்டி அடுத்த ஊர் போய் மறுபடி பாட வேண்டும். விழித்திருக்க ஒரு மாத்திரை, பிறகு உறங்க ஒரு மாத்திரை. 1965 அக்டோபரில் பாடகர் ஜானி கேஷ் மெக்சிகோ எல்லையை ஒட்டிய எல் பாசோ விமான நிலையத்தில் பிடிபட்டார். ஹெராயின் இருக்கும் என்று நினைத்துச் சோதித்தார்கள். கிடைத்தது 688 டெக்ஸெட்ரின், 475 ஈக்வனில். முதலாவது ஊக்க மாத்திரை, இரண்டாவது அமைதிப்படுத்தும் மாத்திரை. இரண்டுமே மருந்துக்கடையில் விற்கும் சரக்கு. அவருக்குக் கிடைத்தது அபராதமும், நிறுத்திவைக்கப்பட்ட முப்பது நாள் தண்டனையும்.

இந்த இடத்தில் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஹெராயின் வழக்கில் 1947-ல் சிறைக்குப் போனார். வெளியே வந்தபோது, மது விற்கும் நியூயார்க் கிளப்புகளில் பாடுவதற்குப் போலீஸ் கொடுக்கும் அட்டையை அவருக்குத் திருப்பித் தரவில்லை. கார்னகி ஹால் போன்ற பெரிய அரங்கில் பாடலாம், டிக்கெட் முழுக்க விற்றுத் தீரும். ஆனால் ஜாஸ் பாடகிக்கு மாதாமாதம் சோறு போட்டது கிளப்புகள்தான், அந்தக் கதவு மூடிவிட்டது. சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரும் 1951-ல் அதே அட்டையை இழந்தார். 1955-ல் 34 வயதில் இறந்தபோது, உடலைப் பார்த்த மருத்துவர் ஐம்பதுக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார். 1959-ல் ஹாலிடே நியூயார்க் மருத்துவமனையில் ஈரல் கெட்டுப் படுத்திருந்தபோது கட்டிலிலேயே கைது செய்து, அறை வாசலில் காவல் போட்டார்கள். ஜூலை 17 அன்று அங்கேயே இறந்தார். வயது 44. அதே நாட்டில், அதே ஆண்டுகளில், வெள்ளைக்கார நட்சத்திரங்களுக்குப் பழக்கம் வந்தால் வீட்டு வாசலில் மருத்துவரின் கார் நின்றது. கறுப்பின ஜாஸ் கலைஞர்களுக்கு வந்தால் போலீஸ் வண்டி நின்றது. மருத்துவரின் கார் நல்லது செய்தது என்று சொல்ல முடியுமானால் ஆறுதலாவது இருந்திருக்கும்.

எல்விஸ் பிரெஸ்லி விஷயத்துக்கு வருகிறேன். ராணுவச் சேவையில் ஜெர்மனியில் இருந்தபோதே, இரவுப் பணியில் விழித்திருக்க ஊக்க மாத்திரைகள் பழக்கமாகிவிட்டன என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பெரிய அளவில் சிக்கியது 1969-க்குப் பிறகு. லாஸ் வேகாஸ் இன்டர்நேஷனல் ஹோட்டலில் ஒப்பந்தம். முதல் சுற்றிலேயே 29 நாளில் 57 காட்சிகள். வருடத்துக்கு இரண்டு தடவை இப்படி. எட்டு ஆண்டுக்குள் அந்த நகரில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட காட்சிகள், அவற்றுக்கு நடுவே அமெரிக்காவின் ஊர் ஊராகச் சுற்றுப்பயணம். லண்டனும் டோக்கியோவும் அவருக்காகக் காத்துக் கிடந்தன, 1957-ல் கனடாவில் பாடியதைத் தவிர அவர் வெளிநாடு போய் ஒரு கச்சேரியும் செய்யவில்லை. காரணமாகப் பலரும் சொல்வது அவருடைய மேனேஜர் டாம் பார்க்கரை. நெதர்லாந்தில் பிறந்து, முறையான ஆவணம் இல்லாமல் அமெரிக்காவுக்குள் வந்தவர் அவர். வெளிநாடு போனால் திரும்பி வருவது சிக்கல். அதே வேகாஸ் சூதாட்ட மேசைகளில் பெருந்தொகை இழந்துகொண்டிருந்தவரும் அவர்தான். ஹோட்டலோடு ஒப்பந்தம் பேசுபவர் அதே ஹோட்டலில் சூதாடித் தோற்கிறார் என்றால், ஒப்பந்தம் யாருக்குச் சாதகமாக இருக்கும்?

எல்விஸ் இறந்த பிறகு, அவருடைய மகளின் நலனைக் காக்க மெம்பிஸ் நீதிமன்றம் பிளான்சார்ட் டுவால் என்ற வழக்கறிஞரை நியமித்துக் கணக்கைத் துருவச் சொன்னது. பார்க்கர் வருமானத்தில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. 1973-ல் அதுவரை பதிவான பாடல்களின் எதிர்கால ராயல்டி உரிமை முழுவதையும் ஆர்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனத்துக்கு 54 லட்சம் டாலருக்கு விற்றிருந்தார்கள், அதிலும் பார்க்கருக்குப் பாதி. இதன் பொருள் எளிமையானது. பழைய பாடல்களிலிருந்து இனிப் பணம் வராது. வீட்டுச் செலவு, விமானச் செலவு, கூட இருக்கும் ஆட்களின் சம்பளம் எல்லாம் மேடையில் நின்றால்தான். உடம்பு கெட்டுக்கொண்டே போன ஒருவர் ஓய்வெடுக்க முடியாமல் போனதற்கு அந்த விற்பனைப் பத்திரமும் ஒரு காரணம். இதை நான் முதலில் படித்தபோது, மாத்திரைகளின் எண்ணிக்கையை விட இதுதான் அதிகம் உறுத்தியது.

எண்ணிக்கையும் சாதாரணமில்லை. ஜார்ஜ் நிக்கோபவுலஸ் என்ற மெம்பிஸ் மருத்துவர், 1977-ன் முதல் எட்டு மாதங்களில் மட்டும் எல்விஸ் பெயரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட டோஸ் மருந்துகளை எழுதிக் கொடுத்திருந்தார். தூக்க மாத்திரை, ஊக்க மாத்திரை, கடும் வலி நிவாரணி எல்லாம் அதில் அடக்கம். அவர் எல்விஸிடம் கடன் வாங்கி வீடு கட்டியவர், டூரில் கூடவே போனவர். அவருடைய பதிலையும் சொல்ல வேண்டும். மருந்துகள் டூரில் வந்த எல்லாருக்கும் சேர்த்து எழுதப்பட்டவை என்றார். நான் மறுத்தால் வேறு மருத்துவரிடம் வாங்குவார், என் கையில் இருந்தால் அளவையாவது கட்டுப்படுத்தலாம், பல நேரம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்து ஏமாற்றியிருக்கிறேன் என்றார். டென்னசி மருத்துவ வாரியம் 1980-ல் மூன்று மாதம் உரிமத்தை நிறுத்திவைத்தது. 1981-ல் கிரிமினல் வழக்கில் ஜூரிகள் விடுதலை செய்தார்கள். உரிமம் நிரந்தரமாகப் பறிபோனது 1995-ல்தான், எல்விஸ் இறந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து.

எல்விஸின் மரணத்துக்குக் காரணம் இதயமா மருந்தா என்ற சண்டை பல ஆண்டுகள் நடந்தது. உடலில் பல மருந்துகள் இருந்ததில் யாருக்கும் சந்தேகமில்லை. 1977 ஆகஸ்ட் 16 அன்று, 42 வயதில், கிரேஸ்லேண்ட் வீட்டுக் குளியலறையில் விழுந்து கிடந்தார். மறுநாள் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லண்டில் கச்சேரி. டிக்கெட்டுகள் விற்றாகிவிட்டிருந்தன.

இதே எல்விஸ்தான் 1970 டிசம்பர் 21 அன்று வெள்ளை மாளிகைக்குப் போய் அதிபர் நிக்சனைச் சந்தித்து, போதைப் பொருள் தடுப்புத் துறையின் பேட்ஜ் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தவர். இதைப் பாசாங்கு என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. போதை என்பது தெருவில் விற்பது, டாக்டர் சீட்டெழுதிக் கொடுப்பது மருந்து என்று அவர் மனதார நம்பினார். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, போதைக்கும் மருந்து என்றே பெயர், வெடிக்கு உள்ளே திணிப்பதும் மருந்து. அந்த வேறுபாடு சீட்டில் இல்லை, அளவிலும் தேவையிலும் இருக்கிறது என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியவர் சீட்டு எழுதியவர்.

1970-களில் போதை கலைஞர்களின் அறையைத் தாண்டிக் கம்பெனி அலுவலகத்துக்குள் வந்தது. நீல் போகார்ட் 1973-ல் தொடங்கிய காசாபிளாங்கா ரெக்கார்ட்ஸ் இதற்குப் பேர் போனது. டோனா சம்மரின் டிஸ்கோ, கிஸ் குழுவின் ராக், அலுவலகத்தில் நாள் முழுக்கக் கொக்கெய்ன் என்று அங்கே வேலை பார்த்தவர்களே பிறகு எழுதினார்கள். ஆனால் எனக்கு அங்கே முக்கியமாகப் படுவது கணக்கு. அமெரிக்காவில் விற்காத இசைத்தட்டைக் கடைக்காரர் திருப்பி அனுப்பலாம். கடைக்கு எத்தனை தட்டு போனது என்பதை வைத்தே கம்பெனி வெற்றியைக் கொண்டாடிவிடும், எத்தனை திரும்பி வருகிறது என்பது மாதங்கள் கழித்துத்தான் தெரியும். 1978 செப்டம்பரில் கிஸ் குழுவின் நான்கு பேருக்கும் ஒரே நாளில் நான்கு தனி ஆல்பம் வெளியிட்டு லட்சக்கணக்கில் அனுப்பினார்கள். ஏகப்பட்டவை திரும்பி வந்தன. 1977-ல் கம்பெனியில் பாதியை வாங்கியிருந்த பாலிகிராம் இசை நிறுவனம் 1980-ல் போகார்டை வெளியேற்றியது. இன்று கொண்டாடு, கணக்கை அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் கொக்கெய்னும் சொல்வது. அந்தத் தொழிலுக்கு அந்தப் போதை அவ்வளவு பொருந்திப் போனதில் வியப்பில்லை.

வானொலியிலும் இது புழங்கியது. பாட்டைப் போடுவதற்குக் காசு வாங்குவதை 1960-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். காசு நின்ற இடத்தில் வேறு பரிசுகள் வந்தன. 1973-ல் வானொலி நிலையத்தாருக்குப் பணத்தோடு போதைப் பொருளும் கொடுக்கப்படுகிறதா என்று அமெரிக்க அரசு விசாரித்தது. 1986-ல் என்.பி.சி. தொலைக்காட்சி, கம்பெனிகள் வெளியாள் ஏஜெண்டுகள் மூலம் இதே வேலையைச் செய்வதாகச் செய்தி ஒளிபரப்பியதும், பெரிய கம்பெனிகள் அவசர அவசரமாக அந்த ஏஜெண்டுகளைக் கைகழுவின. ஸ்டூடியோவில் வாங்கப்பட்ட கொக்கெய்ன் பொடி, ஸ்டூடியோ செலவில் வேறு பெயரில் எழுதப்பட்டது என்று அந்தக் காலத்து ஆட்கள் பலர் சொல்வார்கள். பதிவுச் செலவு கலைஞரின் ராயல்டியில்தான் கழியும். ஆக, அறையில் இருந்த அத்தனை பேர் இழுத்ததற்கும் கடைசியில் பில் கட்டியவர் பாடியவர்.

ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பாடகி ஸ்டீவி நிக்ஸ் கதை பரவலாகத் தெரிந்தது, ஆனால் பாதிதான் தெரியும். கொக்கெய்னால் மூக்கு ஓட்டையாகி, 1986-ல் பெட்டி ஃபோர்டு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்து மீண்டு வந்தார். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். மறுபடி பழக்கத்தில் விழுந்துவிடுவாரோ என்று சுற்றியிருந்தவர்கள் பயந்தார்கள். மனநல மருத்துவர் ஒருவரிடம் போகச் சொன்னார்கள். அவர் குளோனோபின் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை எழுதினார், பிறகு அளவைக் கூட்டிக்கொண்டே போனார். 1993-ல் அதிலிருந்து விடுபட நிக்ஸ் 47 நாள் மருத்துவமனையில் கிடந்தார். கொக்கெய்னை விட இதுதான் கொடுமை, என் வாழ்க்கையில் எட்டு ஆண்டுகளை இது எடுத்துக்கொண்டது என்று அவர் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அவர் உயிரோடு இருந்து இதைச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துக்கொள்வேன். மற்றவர்களின் கதையை நமக்குப் பிரேதப் பரிசோதனை அறிக்கைதான் சொல்கிறது.

இனி மைக்கேல் ஜாக்சன். 1984 ஜனவரியில் பெப்சி விளம்பரப் படப்பிடிப்பில் தலைமுடி தீப்பற்றி உச்சந்தலை வெந்தது. வலி நிவாரணிகளோடு உறவு அங்கே தொடங்கியது. 1993-ல் அதற்கு அடிமையாகிவிட்டேன் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லி, உலகச் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்தினார். 2009-ல் அவருக்கு வயது 50, கடன் 40 கோடி டாலரைத் தாண்டியிருந்தது, பெரிய சுற்றுப்பயணம் போய்ப் பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது. லண்டன் ஓ2 அரங்கில் முதலில் 10 கச்சேரி என்றார்கள். டிக்கெட் பறந்ததும் அது 50 ஆனது. ஜூலையில் தொடக்கம்.

ஒத்திகை நாட்களில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. முர்ரே இதய நோய் மருத்துவர், மாதம் 1.5 லட்சம் டாலர் சம்பளம் பேசியிருந்தார், அவருக்கும் கழுத்தளவு கடன். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்கம் கொடுக்கப் பயன்படும் புரோப்போஃபால் என்ற மருந்தைக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் இரவுதோறும் படுக்கையறையில் ஏற்றியதாகப் போலீஸிடம் அவரே சொன்னார். மயக்க மருந்து நிபுணர் பக்கத்திலேயே உட்கார்ந்து, மூச்சையும் இதயத்தையும் கருவிகளில் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து அது. அது தூக்கமும் இல்லை. மயங்கிக் கிடந்துவிட்டுக் காலையில் எழும் உடம்புக்கு உறக்கத்தின் ஓய்வு கிடைத்திருக்காது. முர்ரே மொத்தம் 255 குப்பிகள் வரவழைத்திருந்தார்.

ஜூன் மாதம் ஒத்திகைக்கு ஜாக்சன் பல நாள் வரவில்லை. ஜூன் 19 அன்று குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நிகழ்ச்சி இயக்குநர் கென்னி ஒர்ட்டேகா மறுநாள் அதிகாலை நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சலில், அவர் மிகவும் பலவீனமாக இருக்கிறார், அவருக்கு உதவி தேவை என்று கவலைப்பட்டிருந்தார். அதற்கு ஆறு நாள் முன்பே நிறுவனத்தின் பால் காங்காவேர் எழுதிய இன்னொரு மின்னஞ்சல் வழக்கில் வெளிவந்தது. மருத்துவருக்குச் சம்பளம் கொடுப்பது எம்.ஜே. இல்லை, ஏ.இ.ஜி. என்பதை அவருக்கு நினைவூட்ட வேண்டும், அவரிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதையும் நினைவூட்ட வேண்டும் என்பது அதன் சாரம். எழுதியது நினைவில்லை என்று அவர் சாட்சிக் கூண்டில் சொன்னார். இவரே 1970-களில் எல்விஸ் டூர்களிலும் வேலை பார்த்தவர் என்பதும் அந்த வழக்கில்தான் பரவலாகத் தெரியவந்தது. முப்பத்திரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு சாவு, தொழில் ஒன்று, அதில் ஓர் ஆளும் ஒருவரே. தனிமனிதராக அவர் மேல் பழி போட நான் இதைச் சொல்லவில்லை. கச்சேரி நடத்தும் உலகம் எவ்வளவு சிறியது, அதன் பழக்கங்கள் எவ்வளவு அப்படியே கைமாறுகின்றன என்பதற்குச் சொல்கிறேன்.

ஜூன் 25 காலை. கச்சேரி ரத்தானால் நஷ்டத்தை ஈடுகட்ட 1.75 கோடி டாலருக்கு லண்டன் லாய்ட்ஸில் காப்பீடு எடுக்கப்பட்டிருந்தது. பாடகரின் உடல்நலம் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்தியைப் பார்த்துக் காப்பீட்டுத் தரகர் மருத்துவ ஆவணங்களைக் கேட்டிருந்தார். 11:17 மணிக்கு முர்ரே தன் ஐபோனில் பதில் அனுப்பினார்: ஆவணங்களைத் தர நோயாளி அனுமதிக்கவில்லை, பத்திரிகைச் செய்திகள் உண்மையில்லை. மதியம் 2:26-க்கு மருத்துவமனையில் ஜாக்சன் இறந்ததாக அறிவித்தார்கள். நம் ஊரில் அப்போது வெள்ளிக்கிழமை விடியற்காலை மூன்று மணி. எழுந்து டிவியைப் போட்டவர்கள் பார்த்த முதல் செய்தி அதுதான். மூன்வாக் பழகாமல் கல்லூரி ஆண்டுவிழா மேடை ஏறாத ஒரு தலைமுறை இங்கே இருந்தது. காரணம் என்ன என்று அன்று யாருக்கும் தெரியவில்லை.

ஒரு காலத்தில் அவருக்கு மனைவியாக இருந்த லிசா மேரி, எல்விஸின் மகள். ஜாக்சன் இறந்த மறுநாள் அவர் எழுதிய குறிப்பில், பல ஆண்டுகளுக்கு முன் தன் தந்தையின் மரணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, நானும் அவரைப் போலவே முடிந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்று ஜாக்சன் சொன்னதை நினைவுகூர்ந்தார்.

பின்னால் வந்த ஆண்டுகளில் தொழிலின் பணம் இடம் மாறியது. அமெரிக்காவில் பதிவிசை வருமானம் 1999-ல் உச்சத்தைத் தொட்டு, அடுத்த பதினைந்து ஆண்டில் பாதிக்கும் கீழே இறங்கியது. தட்டு விற்காதபோது மேடைதான் மிச்சம். ஆக, அறுபது வயதிலும் டூர் போகும் கலைஞர்கள் பெருகினார்கள். அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் ஓபியாய்டு என்ற அபின் வகை வலி நிவாரணிகள் வெள்ளமாகப் பாய்ந்து, அதன் வாலில் ஃபெண்டனில் வந்தது. ஹெராயினைப் போல ஐம்பது மடங்கு வீரியம் உடையது அது. பாடகர் பிரின்ஸ் மதுவையும் போதையையும் தொடாதவர் என்றே பெயர் வாங்கியவர். பல ஆண்டு உயரமான குதிகால் செருப்போடு மேடையில் தாவிக் குதித்ததில் இடுப்பு மூட்டு போய்விட்டிருந்தது. 2016 ஏப்ரலில் அட்லாண்டாவில் பாடிவிட்டுத் திரும்பும் விமானத்தில் நினைவிழந்தார், மோலின் என்ற சிறு நகரில் அவசரமாக இறக்கிக் காப்பாற்றினார்கள். ஆறு நாள் கழித்து மினசோட்டாவில் தன் வீட்டு லிஃப்டில் இறந்து கிடந்தார். வலி மாத்திரை போலவே செய்த போலி மாத்திரை, உள்ளே ஃபெண்டனில். அதை யார் கொடுத்தார்கள் என்று கடைசி வரை நிரூபிக்க முடியவில்லை, யார் மேலும் குற்றச்சாட்டு வரவில்லை.

ராக் பாடகர் டாம் பெட்டி 2017-ல் இடுப்பு எலும்பில் விரிசலோடு 53 கச்சேரிகளை முடித்தார். அறுவை சிகிச்சைக்குப் போனால் டூர் நிற்கும், கூட வேலை பார்ப்பவர்களுக்குச் சம்பளம் நிற்கும், ரசிகர்கள் ஏமாறுவார்கள். ஒட்டும் பட்டையாகவும் மாத்திரையாகவும் வலி நிவாரணிகளை எடுத்துக்கொண்டார். கடைசிக் கச்சேரி முடிந்து ஒரு வாரத்தில் இறந்தார். விரிசல் அன்றைக்கு முழு முறிவாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லியிருந்தார் என்றும், தாங்க முடியாத வலியில் அளவு மீறியிருக்கும் என்றும் குடும்பத்தார் அறிவித்தார்கள். இவரை யாரும் மிரட்டவில்லை. அவரே விரும்பிப் போனார். கலைஞனின் பெருந்தன்மை என்று நாம் கொண்டாடும் குணமே அவரைப் படுக்கவிடாமல் செய்தது. இதை எழுதும்போது அவர் மேல் மரியாதையும் கோபமும் ஒன்றாக வருகிறது.

27 வயதில்தான் நட்சத்திரங்கள் சாகிறார்கள் என்ற கதை ஒன்று உண்டு. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்லின், ஜிம் மாரிசன், பிறகு கர்ட் கோபெய்ன், ஏமி வைன்ஹவுஸ். 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, பிரிட்டனில் ஆல்பம் வரிசையில் முதலிடம் பிடித்த 1,046 கலைஞர்களை எடுத்துப் பார்த்தது. 27-ல் தனியாக எந்த ஏற்றமும் இல்லை, இருபதுகளிலும் முப்பதுகளிலும் ஆபத்து பொதுமக்களை விட அதிகம், அவ்வளவுதான். 2007-ல் வந்த இன்னோர் ஆய்வு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களைப் பார்த்து, புகழ் வந்த பிறகு பல ஆண்டுகளுக்கு அவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களை விட 1.7 மடங்கு இருப்பதாகச் சொன்னது. ஒரு மாய எண்ணைப் பிடித்துக்கொண்டால் விதி என்று சொல்லி நகர்ந்துவிடலாம். இருபது ஆண்டு நீளும் ஆபத்தை அப்படி விதி மேல் போட முடியாது, அது வேலை செய்யும் முறையில் இருக்கிறது.

மாற்றமே இல்லை என்றும் சொல்லக் கூடாது. கிராமி விருது வழங்கும் ரெக்கார்டிங் அகாடமி 1989-ல் மியூசிகேர்ஸ் என்ற உதவி அமைப்பைத் தொடங்கியது. போதையில் பல ஆண்டு இழந்து மீண்ட பட்டி ஆர்னால்ட் என்ற ஜாஸ் வாசிப்பாளர் சக இசைக்காரர்களின் சிகிச்சைக்குப் பணம் திரட்டும் அமைப்பை 1992-ல் ஆரம்பித்தார். பெயர் தெரியாத டிரம்மர்களும் பேருந்து ஓட்டுபவர்களும் கூடப் பிழைத்தார்கள். இவை விழுந்தவரைத் தூக்குகின்றன. விழ வைக்கும் கால அட்டவணையைத் தொடும் அதிகாரம் இவற்றுக்கு இல்லை. ஏவிச்சி என்ற பெயரில் வாசித்த சுவீடன் இளைஞர் டிம் பெர்க்லிங், சில ஆண்டுகளுக்குள் 800-க்கும் மேல் நிகழ்ச்சிகள் செய்து, கணையம் கெட்டு, அறுவை சிகிச்சைக்குப் பின் வலி நிவாரணியிலும் சிக்கி, 2016-ல் டூரே வேண்டாம் என்று நிறுத்தினார். அந்த முடிவு இரண்டு ஆண்டு தாமதமாக வந்ததோ என்னவோ, 2018-ல் 28 வயதில் போய்விட்டார்.

லில் பீப் என்ற 21 வயதுப் பாடகர் 2017 நவம்பரில் அரிசோனாவின் டூசான் நகரில், கச்சேரிக்கு முன், டூர் பேருந்திலேயே இறந்தார். ஃபெண்டனிலும், சானாக்ஸ் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையும். 2019-ல் அவருடைய தாய், மேலாண்மை நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். பையன் களைத்துப்போயிருந்தது தெரிந்தும் பயணத்தைத் தொடர வைத்தார்கள், பேருந்தில் போதைப் பொருள் புழங்கவிட்டார்கள் என்றார். நிறுவனம் மறுத்தது. எங்களுக்கும் அவருக்கும் இருந்தது தொழில் உறவு, அவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் சட்டப் பொறுப்பு எங்களுக்கு இல்லை என்று வாதாடியது. லாஸ் ஏஞ்சலீஸில் ஜூரிகள் முன் வந்த அதே கேள்வி, வேறு வடிவத்தில். இந்தத் தடவை ஜூரிகள் உட்கார வேண்டியிருக்கவில்லை. விசாரணைக்கு முன்பே இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டு வழக்கை முடித்துக்கொண்டன.